உப்புத் தின்ற 407

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவும்போது, கிளீனர் பக்கத்து ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டு, சும்மா ஸ்க்ரூடிரைவரால் தரையைத் தட்டிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை, கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அடியில் குனிந்து பார்த்தால் துரு பொடிப்பொடியாக உதிர்ந்து கிடக்கிறது. தீனி என்று நினைத்து எங்கள் வீட்டுக் கோழி இரண்டு வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போயின.

வண்டி 2001 மாடல் டாடா 407. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கி, பத்துப் பன்னிரண்டு வருஷம் தோல் லோடுதான் அடித்தார். சென்னை பெரியமேட்டில் பச்சைத்தோல் ஏற்றி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் ஷெட்டுகளில் இறக்குவது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்குவார்கள், கொஞ்சநஞ்சம் இல்லை, தோல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போகும். அந்த உப்புத் தண்ணீர் பாடிப் பலகை இடுக்கில் இறங்கி கேபின் பின்தகட்டில் வழியும், ஏற்றி இறக்குகிறவர்கள் காலோடு உள்ளேயும் வரும். ரப்பர் விரிப்புக்கு அடியில் ஒரு தடவை உப்பு சேர்ந்துவிட்டால் அவ்வளவுதான், காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டு எப்போதும் நசநசவென்றே இருக்கும். தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், அந்தக் காலி இடத்துக்குத் தரையில்லாத லாரி வந்து சேர்ந்தது.

இப்போது தேங்காயும் வாழைத்தாரும்தான் லோடு. சரக்கு வண்டி எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்சி, அதாவது ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டுக்குக் காட்ட வேண்டும், அதற்குள் தரை, கிளீனர் பக்கத்துக் கதவு, பின்மூலை இரண்டு, எல்லாம் சரியாக வேண்டும். டிங்கரிங்குக்கு, அதாவது தகட்டு வேலைக்கு மட்டும் பட்டறையில் 48 ஆயிரம் சொன்னார்கள், பெயின்ட் தனி. சொன்னவர்கள் மேல் தப்பில்லை, வேலை அவ்வளவு இருக்கிறது. ஆனால் என்னிடம் பணம் இல்லை, நேரம் இருந்தது. வீட்டுக் கேட்டையும் மாட்டுக் கொட்டகையையும் நானே வெல்டிங் ராடு வைத்துப் பற்றவைத்தவன், இதுவும் இரும்புதானே என்று இறங்கிவிட்டேன்.

முதல் நாளே பாடம். 2.5 மி.மீ. ராடை ஹோல்டரில் மாட்டி, கதவின் அடிப்பக்கத்தில் நல்லதாகத் தெரிந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு வைத்த இடத்தில் அஞ்சு ரூபாய் நாணயம் போகிற அளவுக்கு ஓட்டை. அதை அடைக்கப் பக்கத்தில் இன்னொன்று வைத்தேன், இரண்டும் சேர்ந்து மாங்கொட்டை அளவுக்கு ஆனது. கேட்டுக் குழாய் இரண்டு மி.மீ. இருக்கும், கேபின் தகடு ஒரு மி.மீ.கூட இல்லை. துரு தின்ற இடத்தில் அதிலும் பாதி.

பழைய பைபாஸ் ரோட்டுப் பக்கம் டிங்கர் பட்டறை வைத்திருந்து இப்போது மகனிடம் விட்டுவிட்ட பாய் ஒருவர், அப்பாவுக்குப் பழக்கம். வாழ்நாள் பூராவும் கேஸ் வெல்டிங்கிலேயே தகடு ஒட்டியவர். போய் நின்றேன். என் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, தகடுன்றது அப்பளம். அப்பளத்த தணல்ல எப்படி வாட்டுவ? காட்டிக்கினே இருந்தா கருகிடும் இல்ல? காட்டணும், எடுக்கணும், திருப்பணும். அவ்ளோதான் இந்த வேல.”

“கேஸ் வெல்டிங் எனக்கு வருமா பாய்?”

“அது கை வர ரெண்டு வருஷம் ஆவும். எம்புள்ள வெச்சிக்கினு கீறானே, சிஓடூ மெஷின், அத வாங்கிக்கோ.”

ஆக, பாய் சொன்ன அந்த சிஓடூ மெஷின், அதாவது மிக் மெஷின், பழையது ஒன்று 16 ஆயிரத்துக்குக் கிடைத்தது, சிலிண்டர் வாடகைக்கு. துப்பாக்கி மாதிரி ஒன்றின் விசையை அழுத்தினால் சுருளில் இருந்து கம்பி தானே வெளியே வரும், அந்தக் கம்பிதான் ராடு. காற்று படாமல் இருக்கச் சுற்றிலும் கார்பன் டை ஆக்சைடு பீய்ச்சும். கம்பி 0.8 மி.மீ., செம்பு முலாம் பூசியது. முதலில் ஒரே பொறியாகத் தெறித்தது, ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு மெஷினின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தால், விற்றவர் கேஸ் இல்லாமல் ஓட்டுகிற, உள்ளே மருந்து அடைத்த கம்பிக்குத் தகுந்தபடி முனைகளை மாற்றி வைத்திருக்கிறார். கேஸோடு ஓட்டும் சாதாரணக் கம்பிக்கு, கம்பி பக்கம் பாசிட்டிவ், எர்த் கிளாம்ப் பக்கம் நெகட்டிவ். இரண்டு நட்டைக் கழற்றி மாட்டியதும் மெஷின் வேறு மெஷினாகிவிட்டது. பழையது வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். அதோடு எக்ஸ்டென்ஷன் வயரையும். என்னுடையது மெல்லிசு, கொஞ்ச நேரத்தில் கையில் பிடிக்க முடியாமல் சுட்டது, 4 சதுர மி.மீ. செம்பு வயருக்கு மாற்றினேன்.

பழகுவதற்குத் தகடு பழைய இரும்புக் கடையில் வாங்கிய பீரோ கதவு. பீரோவும் சூடாக்காமல் உருட்டிய சி.ஆர். ஷீட்தான், பெரும்பாலும் 20 அல்லது 22 கேஜ், வண்டித் தகடும் ஏறக்குறைய அதே கனம். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மி.மீ. கடைக்காரர் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டைக் காட்டி துரு பிடிக்காது என்று ஆசை காட்டினார், பாய் வேண்டாம் என்றார். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருக 1500 வேண்டும். இரும்பு உருகுவதற்குள் அந்த வெள்ளைப் புகை பூராவும் நெஞ்சுக்குள் போய், சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் மாதிரி நடுக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், அதை நம்பிப் புகையில் உட்காராதீர்கள்.

அடுத்து வந்தது பொக்கு. தையல் பார்க்க நன்றாக இருக்கும், கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். கேஸைக் கூட்டினேன், குறைத்தேன், கம்பியை மாற்றினேன், தகட்டைப் பளபளவென்று தேய்த்தேன், எதற்கும் மசியவில்லை. பங்குனி கடைசி, வேலூர் வெயில், தோல் ஏப்ரன், தோல் கையுறை, தலையில் ஹெல்மெட். பாய் ஒரு நாள் மாலை வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, நேரே போய் நான் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த டேபிள் ஃபேனை அணைத்தார். அவ்வளவுதான் விஷயம். கேஸ் பீய்ச்சுவதே நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர், ஃபேன் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அன்றிலிருந்து வேலை விடியற்காலை ஐந்து முதல் ஒன்பது வரை, ஃபேன் இல்லாமல், காற்று வருகிற பக்கம் தார்ப்பாய் கட்டி. அந்த நேரத்தில் தகடும் குளிர்ந்திருக்கும். மதியம் வெயிலில் நிற்கிற கேபினைத் தொட்டுப் பாருங்கள், பற்றவைக்காமலே பாதி வெந்திருக்கும்.

கண் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அது நகராமல் நிற்க டாக் என்கிற சின்னப் பொட்டு வைக்கும்போது, ஒரு நொடிதானே என்று ஹெல்மெட்டை இறக்காமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு அழுத்தினேன். ஒன்றில்லை, பத்துப் பதினைந்து. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் பாலாற்று மணலை அள்ளிக் கண்ணுக்குள் போட்ட மாதிரி இருக்கிறது, திறக்கவும் முடியவில்லை மூடவும் முடியவில்லை, தண்ணீர் கொட்டுகிறது. ஆர்க் வெளிச்சத்தில் இருக்கிற புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது, வலி சில மணி நேரம் கழித்துத்தான் வரும். பக்கத்து வீட்டில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள், அத்தை உருளைக்கிழங்கை அரிந்து எடுத்து வந்தார்கள். இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விடிந்ததும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன், சொட்டு மருந்து, இரண்டு நாள் இருட்டு அறை. அதற்குப் பிறகு தானே கருக்கிற ஹெல்மெட் வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது.

தரைக்கு வருகிறேன். பேட்டரி வயரைக் கழற்றி, டீசல் டேங்கைக் கீழே இறக்கி, சீட்டை எடுத்து, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். 4 இஞ்ச் கிரைண்டரில் ஒரு மி.மீ. கட்டிங் வீல் போட்டு வெட்ட ஆரம்பித்தேன். உள்ளங்கை அளவு ஓட்டை என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். வெட்டின ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் ஊசி ஊசியாகப் பொத்தல், இன்னும் இரண்டு விரல் தள்ளி வெட்டு, அங்கேயும் பொத்தல். பளபளவென்று முழுக்கனத் தகடு வருகிற வரைக்கும் வெட்ட வேண்டும் என்பது பாயின் கட்டளை. மெலிந்த தகட்டில் புதுத்தகட்டை வைத்தால் புதுசு அப்படியே இருக்கும், பக்கத்தில் இருப்பது ஓட்டையாகிக்கொண்டே போகும். கடைசியில் நாற்பதுக்கு முப்பது சென்டிமீட்டர். உள்ளே நின்றால் தரையில் நிற்கலாம், அதாவது வீட்டு வாசல் தரையில்.

ஜவுளிக்கடை அட்டைப்பெட்டியை வெட்டி அளவு எடுத்தேன். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்ட வேண்டும், கூர் முனையில் சூடு சேர்ந்து அங்கேதான் முதலில் உருகி ஓடும், பின்னாடி விரிசலும் அங்கேதான் விடும். பழைய தரையில் நீளவாக்கில் வரப்பு வரப்பாக இருக்கும், அழகுக்கு இல்லை, தகடு தொங்காமல் விறைப்பாக நிற்க. அதற்குப் பாய் பட்டறையில் இருந்து புளியங்கட்டை ஒன்று கொடுத்தனுப்பினார், நடுவில் பள்ளம் தோண்டியது. அதன்மேல் தகட்டை வைத்து, பள்ளத்துக்கு நேரே வட்டக் கம்பியை வைத்து அடித்துக்கொண்டே போனால் வரப்பு எழும்பும்.

புதுத்தகட்டைப் பழசின்மேல் ஏற்றி ஒட்டுவது சுலபம், ஆனால் அந்த மடிப்புக்குள் தண்ணீர் உட்காரும், தோல் லோடு அடித்த வண்டிக்கு அது ஆகாது. முட்டுக்கு முட்டு வைத்துத்தான் ஒட்டினேன். இரண்டுக்கும் நடுவில் ஆக்சா பிளேடு நுழைகிற அளவு இடைவெளி, சுற்றிலும் அப்படியே. மெஷின் 16 வோல்ட் கிட்டத்தில். அடியில், பழைய ஏ.சி.யில் இருந்து எடுத்த செம்புக் குழாயைத் தட்டையாக அடித்து முட்டுக் கொடுத்தேன். செம்பில் இரும்பு ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும், ஓட்டை விழுவது பாதிக்குப் பாதி குறைந்தது.

விசையை அழுத்தி ஒன்று எண்ணுவதற்குள் விடணும். ஒரு பொட்டு. அடுத்த பொட்டு அதற்குப் பக்கத்தில் இல்லை, எதிர் ஓரத்தில். அப்புறம் இந்த மூலை, அப்புறம் அந்த மூலை. நாலு விரலுக்கு ஒரு பொட்டாகச் சுற்றி வந்தபின், இரண்டு பொட்டுக்கு நடுவில் ஒன்று, பிறகு அதற்கும் நடுவில் ஒன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் புறங்கையைத் தகட்டில் வைத்துப் பார்ப்பேன், வைத்தபடி இருக்க முடியவில்லை என்றால் எழுந்துபோய் டீ. சத்தத்திலேயே நிறையத் தெரிந்துவிடும்: கடுகு வெடிக்கிற மாதிரி படபடத்தால் கம்பி வேகமாக வருகிறது, எண்ணெயில் வடை வேகிற மாதிரி ஒரே சீராக இரைந்தால் சரியாக இருக்கிறது. அந்த ஒரு தரைத்தகட்டுக்கு நாலு காலைவேளை ஆனது. நாலில் விசையை அழுத்திய நேரத்தை மட்டும் கூட்டினால் பத்து நிமிடம் தேறாது, மீதி எல்லாம் டீ.

பின்மூலைகளில் ஒரு தடவை உள்பக்க ரெக்சின் பற்றிக்கொண்டது. நான் வெளியே நின்று பற்றவைக்க, உள்ளே புகைந்துகொண்டிருக்கிறது, ஹெல்மெட்டுக்குள் இருக்கிறவனுக்கு என்ன தெரியும். அம்மா கத்தியதில் வாளி வேலைக்கு வந்தது.

கதவுதான் என்னை அழவைத்தது. தரையில் வரப்பு இருக்கிறது, கோணலானாலும் விரிப்புக்கு அடியில் போய்விடும். கதவின் வெளித்தகடு வரப்பில்லாத பெரிய வெறும் பரப்பு, ஊரே பார்க்கும். அடியில் ஆறு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி மாற்றினேன். பொறுமையாகத்தான் செய்தேன், கடைசி அரையடி மட்டும் மழை வருகிற மாதிரி இருந்ததால் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டேன். ஆறினபின் பார்த்தால் தையலுக்கு மேலே ஓரிடம் இட்லி மாதிரி உப்பி, விரலால் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போகிறது, விட்டால் டொக்கென்று வெளியே வருகிறது. உப்பின இடத்தைச் சுத்தியால் அடித்தேன். இன்னும் உப்பியது. மேலும் அடித்தேன். பூரி.

பாய் வந்து உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்துத் தடவினார். கண்ணால் பார்க்கவே இல்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தார்.

“இங்க இன்னாத்துக்கு அடிச்ச?”

“உப்பிக்கினு இருக்குதே பாய்.”

“உப்பல தம்பி. தையல் சுருங்கிடுச்சி. ஜாக்கெட்ல நூல இழுத்து தெச்சா துணி சுருக்கிக்கினு நிக்குது இல்ல? துணிமேல அடிப்பியா, நூல தளத்துவியா?”

சூடானபோது விரிந்த இரும்பு ஆறும்போது முன்னைவிடக் குட்டையாகிவிடுகிறது, அந்தக் கோடு மொத்தமும் பக்கத்துத் தகட்டை இழுத்துப் பிடிக்கிறது, இழுபட்ட தகடு போக இடமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. தையலின் மேட்டைக் கிரைண்டரில் ஓரளவு தட்டையாக்கிவிட்டு, பின்பக்கம் டாலி என்கிற இரும்புக் கட்டையை ஒட்டிப் பிடித்து, முன்பக்கம் தையல்மேலேயே சின்னச் சின்ன அடி. அடி விழ விழ அந்தக் கோடு நசுங்கி நீளும். இருபது அடி அடித்திருப்பார், டொக்கு நின்றுவிட்டது. மீதியை என்னிடம் கொடுத்தார். எனக்கு டாலி ஒரு பக்கம், சுத்தி ஒரு பக்கம் போனது, இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால்தான் டிங் என்று மணிச்சத்தம் வரும், தவறினால் டப்பென்று செத்த சத்தம். சாயங்காலத்துக்குள் பத்துக்கு ஏழு டிங் வந்தது. நான் சுத்தியால் பூரி போட்ட இடம் மட்டும் நிஜமாகவே நீண்டுவிட்டது, அதற்குக் கேஸ் வெல்டிங் தீயால் சூடு காட்டிச் சுருக்க வேண்டியிருந்தது, அதைப் பாயின் மகன்தான் செய்துகொடுத்தார். மேலே பட்டி பார்த்தோம், ஆனால் மெல்லிசாக. விரல் கனத்துக்குப் பட்டி பூசிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததில் பாளம் பாளமாக விழும்.

கதவின் உள்மடிப்பு, மூலைகளில் இருக்கிற பெட்டி மாதிரியான இடங்கள், இங்கெல்லாம் கிரைண்டரும் போகாது வயர் பிரஷும் போகாது. வெளியே தெரிகிற இடத்துக்குக் கடையில் விற்கிற பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மருந்து அடித்தேன். பாட்டில் பாதியில் தீர்ந்துபோனது. திண்ணையில் உட்கார்ந்து இத்தனை நாளும் ஒரு வார்த்தை பேசாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“கடுக்காய் போட்டுப் பாரேன்டா.”

கிண்டல் என்றே நினைத்தேன். இல்லை. பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுகிற தோல் ஷெட்டில் தோலின்மேல் ஓர் ஆணி கிடந்தால்கூடப் போதும், அந்த இடம் மசி மாதிரி கறுத்துவிடுமாம், இரும்பு வாளியைக்கூடப் பக்கத்தில் விடமாட்டார்களாம். கடுக்காயில் இருக்கிற டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு, அந்தக் காலத்து எழுதுகிற மையே அப்படிச் செய்ததுதான். கடையில் விற்கிற சில துரு மருந்துகளிலும் இதே டானிக் அமிலம்தான் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ கடுக்காய்ப் பொடி வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, உதிர்கிற துருவை எல்லாம் முடிந்த அளவு தட்டிவிட்டு, சிரிஞ்சால் மடிப்புக்குள் பீய்ச்சினேன். செம்மண் நிறத்தில் இருந்தது என் கண்ணெதிரே ஊதாவாகி, பத்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று ஆனது. கையும் அப்படியே ஆனது, ஒரு வாரத்துக்குப் போகவில்லை. இது மட்டும் போதும் என்று விட்டுவிட முடியாது, காய்ந்தபின் மேலே பிரைமர் வேண்டும், எட்டாத இடத்தில் பழைய கிரீஸை டீசலில் கரைத்து ஊற்றினேன். அடியில் தண்ணீர் இறங்குவதற்கு இருந்த துளைகள் எல்லாம் மண்ணும் உப்பும் சேர்ந்து அடைத்துப் போயிருந்தன, நாலையும் குத்தித் திறந்தேன். பாதித் துரு அதனால் வந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மெஷின், கேஸ், தகடு, வீல், ஹெல்மெட், கண் டாக்டர் எல்லாம் சேர்த்து 31 ஆயிரம் சொச்சம். பெயின்ட் தனியாக 9 ஆயிரம். பாய் பணம் வாங்கவில்லை, ஒரு வாழைத்தார் மட்டும் வாங்கிக்கொண்டார். எஃப்சி ஆனி மாதம் கிடைத்தது.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் அடித்த மழைக்கு அப்புறம் கிளீனர் பக்கத்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஈரம். ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கிவிட்டது. டார்ச் அடித்து, மேலே இருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தால் முன்கண்ணாடி ரப்பர் வெடித்து அதன் வழியாக ஒழுகுகிறது, தையல் காய்ந்துதான் இருந்தது. ரப்பர் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் அந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன்.